தெருவும் விண்ணப்பதாரர்தான்

கடவுச்சொல் எல்லாவற்றையும் எனக்குப் பதிலாக வந்திருக்கும் உங்கள் இருவருக்கும் கொடுத்துவிட்டேன். பிரிண்டரில் தாள் சிக்கினால் எந்தப் பக்கமிருந்து இழுக்க வேண்டும் என்பதையும் காட்டிவிட்டேன். மீதியை நேரில் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கூட இருந்து பார்த்ததில் என்னைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து வேறெங்கோ தாவிவிடுவேன். எழுதினால் கொஞ்சம் அடங்குவேன்.

ஓய்வு பெற்றவர்கள்தான் பணி அனுபவம் எழுதுவார்கள், இவளுக்கு என்ன வயசாகிவிட்டது என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். இன்ஜினியரிங் முடித்த கையோடு, வேறு நல்ல வேலை வரும்வரை என்று இங்கே உட்கார்ந்தவள் நான். அந்த வேறு வேலை இப்போதுதான் வந்திருக்கிறது. ஆகவே இந்த நாற்காலியைப் பொறுத்தவரை நானும் ஓய்வு பெற்றவள்தான்.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு எதிரில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கும் நம்மிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பட்டா, வருமானச் சான்று, பாஸ்போர்ட் இவைதான் வேண்டும். அதெல்லாம் ஒரு வாரத்தில் உங்களுக்குக் கை வந்துவிடும். குடியுரிமை கேட்டு வருகிறவர்கள் எப்போதாவது ஒருவர்தான். அண்ணாமலையைப் பார்க்க வந்து இங்கேயே கல்யாணம் செய்துகொண்டவர்கள், வெளிநாட்டிலிருந்து மருமகளாக வந்தவர்கள், இப்படி. அவர்கள் வந்தால் லேசில் போகமாட்டார்கள். ஆன்லைனில் விண்ணப்பம், அப்புறம் ஆபீசில் தாள்கள், அப்புறம் வீட்டுப் பக்கம் விசாரணை, அப்புறம் நேர்காணல், அதற்கப்புறம் சென்னை, டெல்லி. ஒவ்வொரு படியிலும் நம்மிடம் வந்து நிற்பார்கள். குடும்பத்தில் ஒருவர் மாதிரி ஆகிவிடுவார்கள்.

நான் சொல்லப்போவது தேவிகா அக்காவைப் பற்றி. வேலையின் நுணுக்கமெல்லாம் இணையதளத்திலேயே இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். இது அங்கே இல்லாதது.

தேவிகா அக்கா மலேசியாவில் பிறந்த தமிழர். அவர் கணவர் முருகேசன் அண்ணன் அடி அண்ணாமலைக்காரர். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலைக்குப் போன இடத்தில் அக்காவைப் பார்த்து, கல்யாணம் செய்து, ஊருக்கே கூட்டி வந்துவிட்டார். இப்போது டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார். பெண் இங்கே பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அக்காவைப் பார்த்தால் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவர் என்றுதான் சொல்வீர்கள். காலையில் யாரைப் பார்த்தாலும் "பசியாறிட்டியா?" என்று கேட்பார். வேற்று நாட்டின் அடையாளம் அது ஒன்றுதான்.

"எதுக்குக்கா சிட்டிசன்ஷிப்?" என்று முதல் நாளே கேட்டேன். கேட்க வேண்டும். நேர்காணலில் கட்டாயம் வரும் கேள்வி அது.

"எலெக்‌ஷன் அன்னிக்கு எங்க தெருவுல எல்லாரும் ஓட்டுப் போடப் போயிடுவாங்க தங்கச்சி. அத்தனை வீட்டுப் பிள்ளைங்களும் எங்கிட்ட இருக்கும். மையி வச்ச விரலைக் காட்டிக்கிட்டே வந்து பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போவாங்க. ஒவ்வொரு வாட்டியும் எனக்கு ஒரு மாதிரியா இருக்கும்."

இதை மாற்றாதீர்கள் அக்கா, இப்படியே சொல்லுங்கள் என்றேன். வருகிறவர்களுக்கு நீங்கள் அழகான பதில் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். கேட்கிற அதிகாரி அந்த அழகான பதிலை நிறைய பேரிடம் கேட்டிருப்பார்.

இனிமேல்தான் விஷயம். விண்ணப்பம் போடுவதற்கு முந்தைய ஒரு வருடம் விண்ணப்பதாரர் வெளிநாடு போகாமல் இந்தியாவிலேயே இருந்திருக்க வேண்டும். அந்த வருடம் பாதி ஓடிக்கொண்டிருந்தபோது மலேசியாவில் அக்காவின் அம்மாவுக்கு இதய ஆபரேஷன். அக்கா என்னிடம் வந்து உட்கார்ந்தார்.

"போயிட்டு வந்துடலாமா தங்கச்சி?"

"அவசரத்துக்குப் போனவங்களுக்குச் சில நாள் தளர்வு கேக்கலாம்க்கா. கேக்கத்தான் முடியும். குடுப்பாங்களான்னு என்னால சொல்ல முடியாது."

"குடுக்கலேன்னா?"

"திரும்ப முதல்ல இருந்து ஒரு வருஷம்."

அவர் போகவில்லை. ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று பிறகு சொன்னார். வருடம் முடிந்தது. விண்ணப்பம் போட்டோம். தாள் ஒன்றுகூடக் குறையவில்லை. நான் துள்ளிக்கொண்டிருந்தேன்.

சில வாரம் கழித்து அக்காவும் முருகேசன் அண்ணனும் ஒரு கடிதத்தோடு வந்தார்கள். அண்ணன் முகம் சிவந்திருந்தது. விசாரணையில் விண்ணப்பதாரர் மேற்படி முகவரியில் இல்லை என்றும், வெளிநாட்டில் உள்ள தாயார் வீட்டுக்குச் சென்றிருப்பதாகவும், திரும்பும் நாள் தெரியவில்லை என்றும் அறியப்படுவதால், நேர்காணலின்போது உரிய விளக்கம் அளிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது.

நான் இரண்டு முறை படித்தேன். அம்மா வீட்டுக்குப் போகாமல் இருந்தவர் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாராம்.

"ஒருத்தனும் வரல பாப்பா," என்றார் முருகேசன் அண்ணன். "எங்கயோ டீக்கடையில குந்திக்கினு எழுதிட்டான். விசாரணைக்கு வரவே இல்லைனு ஒரு மனு போடு. மேல கீறவங்களுக்கும் ஒரு காப்பி."

நம் முதலாளியும் எழுந்து வந்துவிட்டார். "அதான் சரி. நாம கம்ப்ளெயின்ட் குடுத்துட்டா அப்புறம் பதில் சொல்ற வேலை அவங்களோடது. சூடா எழுதும்மா."

சூடாக எழுதச் சொன்னால் எனக்குக் கை நிற்காது. பெறுநர், பொருள் எல்லாம் அடித்து முதல் பத்தியில் இருந்தேன். அக்கா மெதுவாக என் கையைத் தொட்டார்.

"தங்கச்சி, நிறுத்து. வந்தாருன்னுதான் நினைக்கிறேன்."

மூன்று பேரும் அவரைப் பார்த்தோம்.

"இவரு திருப்பதி ட்ரிப் போயிருந்தப்ப. நான் பின்னாடி துணி துவைச்சிட்டிருந்தேன். பக்கத்து வீட்டு வசந்தாக்கா வந்து, 'எவனோ ஒருத்தன் பைக்குல வந்து உன்னைக் கேட்டான், தொரத்திட்டேன்'னு சொன்னாங்க. ரெண்டு பேரும் சிரிச்சோம். அதோட மறந்துட்டேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

"நீங்க வந்ததும் படுத்துத் தூங்கிட்டீங்க."

முதலாளி கொஞ்சம் யோசித்தார். "சரி, அது நமக்குள்ள இருக்கட்டும். வரலைனே போடலாம். யாரு பாத்தா?"

வசந்தா பார்த்திருக்கிறார். வந்தவரும்தான். அவர் மஃப்டியில் வந்த ஒரு ஏட்டு. வெயிலில் வண்டியை ஓட்டி வந்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். அவர் வரவில்லை என்று எழுதினால், நேர்காணல் அன்று அவரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். தான் வந்தது அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு அக்கா சொல்லும் எந்த உண்மையையும் அந்த அறையில் யாரும் நம்பப்போவதில்லை. அதோடு, இந்த நாட்டில் குடிமகளாகச் சேர வருகிறவர், தன் வேலையைச் செய்த ஒரு ஆளின் வேலைக்கு உலை வைத்துக்கொண்டா உள்ளே வர வேண்டும்?

அடித்ததை அழித்தேன். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். சாயங்காலம் அக்காவை என் ஸ்கூட்டியில் உட்காரவைத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனேன். உங்களுக்கும் சொல்கிறேன்: இந்த வேலை முழுவதும் கம்ப்யூட்டர் முன்னால் முடிந்துவிடும் என்று நினைக்காதீர்கள்.

வசந்தா கிரிவலப் பாதையில் இட்லிக் கடை போடுகிறவர். பௌர்ணமி நெருங்கிக்கொண்டிருந்ததால் வாசலில் பெரிய பெரிய குண்டான்களைக் கவிழ்த்துப்போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் தேய்க்கிற கை நின்றது.

"போலீசா அவன்? நெத்தியில எழுதி ஒட்டிக்கினா வந்தான்? பேன்ட்டு, சட்டை, கூலிங் கிளாசு. பேரைச் சொல்லிக் கேக்கறான். எத்தினி நாளா இங்க கீறா, வூட்டுக்காரன் இருக்கானா, யாரு வருவாங்க போவாங்கன்னு கேக்கறான். ஆம்பள ஊர்ல இல்லாத நேரத்துல, 'ஆமாம்பா, தனியாத்தான் கீறா, உள்ள போய்ப் பாரு'ன்னு சொல்லட்டுமா? அம்மா வூட்டுக்குப் போயிருக்கான்னு சொன்னேன். எப்ப வருவான்னான். தெரியாதுன்னேன். போய்ட்டான்."

"அவங்க அம்மா வீடு மலேசியாக்கா."

"அது எனக்கு அப்ப ஞாபகம் வந்துச்சா இன்னா? எங்க தெருவுல யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவோம். செல்விக்கு அதான், அமுதாவுக்கு அதான். அமுதாவுக்கு அம்மாவே கிடையாது!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கும்தான். வசந்தா சிரிக்கவில்லை.

"நேர்காணலுக்கு நீங்க வந்து, இதைத்தான் சொன்னேன், இதுக்காகத்தான் சொன்னேன்னு சொல்லணும்க்கா. அவ்வளவுதான்."

"நானா? கலெக்டர் ஆபீசுக்கா? போலீசுகிட்ட பொய் சொன்னேன்னு நானே போய் ஒத்துக்கறதா? உள்ள தூக்கிப் போட்டுட்டா பௌர்ணமிக்குக் கடை யாரு போடறது, நீ போடறியா?"

இட்லி ஊற்றுவதற்கு நான் தயார்தான், ஆனால் என் இட்லியைத் தின்றால் யாரும் மலை சுற்றி முடிக்கமாட்டார்கள் என்றேன். அதற்கும் அவர் சிரிக்கவில்லை. பயம் நிஜமானது. கட்டாயப்படுத்தினால் வருவார், ஆனால் அங்கே வந்து வாயை மூடிக்கொள்வார், இல்லை வேறொரு பொய் சொல்வார்.

அக்காதான் பேசினார். "வேணாம்க்கா. நீங்க வராதீங்க. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு எந்த நாட்டு சிட்டிசன்ஷிப்பும் வேணாம். தள்ளுபடி பண்ணா பண்ணட்டும். இன்னொரு வருஷம் இருந்துட்டுப் போறேன். அம்மாவை இன்னொரு வருஷம் கழிச்சுப் பாத்துக்கறேன்."

"இன்னொரு வருசம்னா?" என்று வசந்தா நிமிர்ந்தார்.

அப்போதுதான் தெரிந்தது. ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு வீடுகள். அந்த ஆபரேஷன் விஷயம் வசந்தாவுக்குத் தெரியவே தெரியாது. தெருவில் யாரிடமும் சொல்லவில்லை அக்கா. சொன்னால் ஏன் போகவில்லை என்று கேட்பார்கள், அதற்குப் பதில் சொல்ல முடியாது என்று சொல்லாமலே இருந்திருக்கிறார்.

வசந்தா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே அக்காவைப் பார்த்தார். "பெத்தவளுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேசன். நீ இங்க எங்கூட உக்காந்து வெங்காயம் உரிச்சிக்கினு இருந்தியா?"

அக்கா குனிந்து இன்னொரு குண்டானைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வசந்தா வருகிறேன் என்றோ வரமாட்டேன் என்றோ சொல்லவில்லை. குண்டானை மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தார், முன்பைவிட வேகமாக. நான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

விளக்கக் கடிதத்தை அடித்தேன். வந்தவர் யாரென்று தெரியாததால் பக்கத்து வீட்டார் பாதுகாப்புக்காக அப்படிச் சொன்னார்கள், விண்ணப்பதாரர் அன்று வீட்டில்தான் இருந்தார், பாஸ்போர்ட்டில் வெளியேறிய முத்திரை எதுவும் இல்லை என்று நாலே வரி. வசந்தாவின் பெயரைப் போடவில்லை. அவர் வந்தால் தானே சொல்லட்டும். பெயரை எழுதிவிட்டு ஆளைத் தேடக்கூடாது.

நேர்காணல் அன்று காலையில் நாங்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே, கலெக்டர் ஆபீஸ் வேப்பமரத்தடியில் அரக்குப் பட்டுப் புடவையில் வசந்தா நின்றுகொண்டிருந்தார். தலை நிறையப் பூ.

"இன்னாக்கா, கல்யாணமா?" என்றார் முருகேசன் அண்ணன்.

"ஜெயிலுக்குப் போனாலும் நல்ல புடவையில போவோம்னு கட்டினேன். நீ வாயை மூடு. பொண்டாட்டி வூட்ல இல்லைனு எழுதிட்டாங்கன்னதும் குதிச்ச, அவ அழுதாளா சாப்ட்டாளான்னு ஒருநாள் பாத்தியா?"

அண்ணன் டீ வாங்கப் போய்விட்டார்.

நம்மை உள்ளே விடமாட்டார்கள், அது தெரியும்தானே. நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவில் பாதித் திரைதான். அதிகாரி ஒரு அம்மா, தணிந்த குரல். அந்த ஏட்டையும் வரச் சொல்லியிருந்தார். முதலில் வழக்கமான கேள்விகள். அக்கா பதில் சொல்வது பாதி கேட்டது, ஓட்டுப் போடுகிற நாளைப் பற்றிச் சொன்னது நன்றாகவே கேட்டது. பிறகு வசந்தாவைக் கூப்பிட்டார்கள். அவர் குரலுக்குத் திரையெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

"இவருதான்மா! இவருதான் வந்தாரு. யூனிபாரம் போட்டுக்கினு வந்திருந்தா உக்காரவச்சு மோர் குடுத்திருப்பேன்."

"மஃப்டியிலதான்மா போகணும். விசாரணைன்னா அப்படித்தான்," என்றார் ஏட்டு.

"அப்ப எங்க தெருவுல அப்படித்தான் பதில் வரும்."

அதிகாரியம்மா சிரித்தது கேட்டது. ஆனால் அடுத்த கேள்வியில் சிரிப்பு இல்லை. "அன்னைக்கு இவர்கிட்ட பொய் சொன்னீங்க. இன்னைக்கு நீங்க சொல்றதை மட்டும் நான் எப்படி நம்பறது?"

இந்தக் கேள்வியை நான் யோசித்தே வைக்கவில்லை.

வசந்தாவின் குரல் இறங்கியது. "அன்னிக்குப் பொய் சொல்றப்ப பயம் இல்ல மேடம். இன்னிக்குக் கை காலெல்லாம் நடுங்குது. நீங்க நம்பாட்டி எங்க தெருவுக்கு வாங்க. யாரை வேணா கேளுங்க. நான் ஒண்ணும் முன்னாடியே சொல்லிவைக்க மாட்டேன். அவ அம்மா ஆபரேசனுக்கே போகாதவ மேடம். அவளைப் போயி நான் அந்த ஊருக்கு அனுப்பி வச்சிட்டேன்."

அப்புறம் அதிகாரி அக்காவைக் கேட்டார். "தளர்வு கேட்டிருக்கலாமே. ஏன் போகலை?"

"கிடைக்கலேன்னா என்ன பண்றதுன்னு பயம் மேடம். அம்மாகிட்ட டிக்கெட் கிடைக்கலைன்னு சொன்னேன். அவங்க நம்பிட்டாங்க. நம்பாம இருந்திருந்தா போயிருப்பேன்."

தாள் புரட்டுகிற சத்தம் வந்தது. பாஸ்போர்ட்டைப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறு விசாரணைக்கு உத்தரவானது. அதே ஏட்டு, இந்த முறை யூனிபாரத்தில் வந்தார். தெருவில் ஆளாளுக்குப் பேசியதை எழுதி முடிப்பதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டதாம். அறிக்கை நல்லபடியாகப் போனது. எங்கள் பக்க வேலை முடிந்தது, இனி நீங்கள் ஊருக்குப் போய் வரலாம் என்று அதிகாரியே சொல்லி அனுப்பினார்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது. ஒன்று, விண்ணப்பம் போட்ட அன்றே விண்ணப்பதாரரின் அக்கம்பக்கத்தாரிடம் சொல்லச் சொல்லுங்கள்: இப்படி ஒருத்தர் வருவார், யூனிபாரம் இருக்காது, அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு உள்ளதைச் சொல்லுங்கள் என்று. நாம் எப்போதும் ஒரே ஆளைத்தான் தயார் செய்கிறோம். விசாரணை நடப்பது தெருவில். அப்புறம், கோபத்தில் இருக்கிறவர் சொல்லச் சொல்ல அடிக்காதீர்கள். அந்த அறையிலேயே குறைவாகப் பேசுகிறவர் யார் என்று பார்த்து, அவர் வாயைத் திறக்கும்வரை காத்திருங்கள். நான் காத்திருக்கவில்லை. அக்காதான் என் கையைத் தொட்டு நிறுத்தினார்.

அக்கா அம்மாவைப் பார்க்கப் போனார். அங்கிருந்து எனக்குப் போன் செய்தார். "இங்க ஏர்போர்ட்ல, இந்த ஊர்க்காரங்களுக்கான மெஷின்ல பாஸ்போர்ட்டை வச்சேன், கட்டைவிரலை வச்சேன். கதவு தானா தொறந்துச்சு தங்கச்சி. ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்கல," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

திரும்பி வந்தார். ஏற்பதாகக் கடிதம் வந்தது. மலேசியக் குடியுரிமையை விட்டு அந்தப் பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்தார். உறுதிமொழி எடுத்தார். தெருவே வேனில் வந்து இறங்கியது. இப்போது நம் நாட்டுப் பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. போன வாரம் மலேசியாவுக்கு டிக்கெட் போட வந்திருந்தார். நீங்கள் இருவரும் அப்போது சாப்பிடப் போயிருந்தீர்கள்.

"இப்ப நான் ஃபாரினர் வரிசையில நிக்கணும் இல்ல?"

"ஆமாக்கா."

"என்ன கேப்பாங்க?"

"எதுக்கு வந்தீங்க, எத்தனை நாள் இருப்பீங்க, எங்க தங்குவீங்க. அவ்வளவுதான். உள்ளதைச் சொன்னா போதும்."

பாஸ்போர்ட்டைத் திறந்து பிறந்த இடத்தின் மேல் விரலை வைத்தார். "இதைப் பாத்துட்டு, இங்கதானே பொறந்தே, ஏன் விட்டேன்னு கேட்டா?"

எத்தனையோ பேரை நேர்காணலுக்குத் தயார் செய்திருக்கிறேன். எந்தக் கேள்விக்கும் யோசிக்காமல் வாயைத் திறப்பவள் நான். அன்று அக்கா பேசட்டும் என்று காத்திருந்தேன்.

அவர் பாஸ்போர்ட்டை மூடினார். "கேக்கட்டும்," என்றார். "போன வாட்டிதான் ஒருத்தரும் கேக்கல. கேக்கறவங்ககிட்டதான் நான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கு. ஜன்னல் சீட்டாப் பாத்துப் போடு தங்கச்சி."